கீழே நிற்பவர்கள்

செப். 8, திங்கள்

காலையிலேயே வெயில். பறக்கும் அனுமதிக்கான மருத்துவப் படிவத்தில் அப்பா பொய் எழுதியிருக்கிறார். 'கடந்த ஆறு மாதங்களில் மயக்கம், பார்வை மங்கல்?' என்ற கேள்விக்கு 'இல்லை'யில் டிக். ஸ்கேன் செய்து அனுப்பியது நான். அனுப்பிய பிறகுதான் அவர் போனில் பேசியது காதில் விழுந்தது. பழைய விமானப்படை நண்பரிடம்: "போன வாரம் ஒத்திகையில ப்ளேன லூப் போட்டு இழுக்கும்போது ரெண்டு செகண்ட் கண்ணு இருட்டிருச்சுப்பா. மத்தபடி கை அப்படியே இருக்கு."

கை அப்படியே இருக்கிறதாம்.

போர் விமானம் ஓட்டியவர். ஓய்வு பெற்று ஏழு வருடம். வரும் ஞாயிறு எங்கள் பட்டாசு கம்பெனியின் வெள்ளிவிழா. அச்சங்குளத்தில் பேக்டரியை ஒட்டிய கரிசல் காட்டில் கூட்டம். அதற்கு மேலே வாடகை விமானத்தில் அப்பாவின் சாகசம்: லூப், அதாவது வானத்தில் குட்டிக்கரணம். விமானத்தின் மூக்கை வேகமாக மேலே இழுக்கும்போது ரத்தம் தலையிலிருந்து இறங்கும், கண் இருளும். முதலாளி ஏற்பாடு. நான் அதே பேக்டரியில் பாதுகாப்பு மேற்பார்வையாளர்.

வாங்க: உளுந்து, அம்மாவுக்குத் தைலம், பேனா.

செப். 10, புதன்

மொட்டை மாடியில் அப்பாவின் ஒத்திகை. கையை இறக்கை மாதிரி சாய்த்து நடை, திருப்பம், தலை பின்னால். தரையில் பத்து முறை நடந்த பிறகுதான் வானத்தில் ஒரு முறை. எதிர்வீட்டு அரிசிக்கடைக் காதர் பாய் கீழே இருந்து: "என்ன சார், மாடியில யாருக்கு மந்திரிக்கீக?"

"உங்க தராசுக்குத்தான் பாய். நேரா நிக்கட்டும்னு."

இரண்டு பேரும் சிரிப்பு. அப்பா இப்படிச் சிரித்து வருடங்கள் ஆகின்றன. அதுதான் எனக்கு எரிச்சல்.

அப்பாவுக்குக் கண் இருட்டியதை அம்மாவிடம் சொன்னேன். ஏற்கனவே தெரியுமாம். "ஏழு வருசமா சோபாவுல கெடந்த மனுசன் இப்பத்தான்டி எந்திரிச்சு நடக்காரு. வாய மூடிக்கிட்டு இரு."

செப். 12, வெள்ளி

காற்றே இல்லை. தீபாவளி சீசன், லோடு நெருக்கடி. கேட்டில் வழக்கமான கேள்வி: காய்ச்சல், காயம், தலைசுற்றல் உண்டா? எல்லாரும் இல்லை என்பார்கள். உண்டு என்றால் அன்றைய சம்பளம் கிடையாது. மாரியம்மாள் மட்டும் லேசாகச் சுற்றுகிறது என்றாள். வெடிமருந்து கலக்கும் அறையில் வேலை. நான் உள்ளே விடவில்லை. அவள் கை தவறினால் பக்கத்து அறைகளும் போகும்.

ஊர் திரும்பும் வேன் சாயங்காலம்தான். அதுவரை கேட் நிழலில் கிடந்தாள். மத்தியானம் தண்ணீர் கொண்டுபோனேன்.

"உண்மையச் சொன்னதுக்கு நல்ல மரியாதை தாயி." குடித்துவிட்டு, "உங்கய்யா வானத்துல குட்டிக்கரணம் போடப் போறாகளாம்ல. அவுகளுக்குத் தலை சுத்தாதா?"

"பழக்கம்" என்றேன்.

"எனக்கும் இருவது வருசப் பழக்கந்தான்."

நாலு மணிக்கு மேனேஜர் மைக்கில்: ஞாயிறு எல்லாரும் குடும்பத்தோடு வரணும், வராதவர்களுக்குத் திங்கள் வேலை இல்லை. ஆறு வேன். லீவு நாளில் ஆளை அள்ளிவந்து கைதட்ட வைப்பதற்குப் பெயர் விழா.

செப். 13, சனி

முதலாளியைப் பார்த்தேன். படிவத்தைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. கூட்டத்தை விட்டுத் தள்ளிப் பறக்கட்டும் என்று மட்டும் கேட்டேன்.

"அம்புட்டுத் தள்ளிப் போனா என்னம்மா தெரியும்? வீடியோவுல ஜனமும் ப்ளேனும் சேந்து விழணும்ல."

நான் கோழை. எழுதி வைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடமே கேட்டேன்.

"பாப்பா, இழுப்பத் தளத்துனா கண்ணு திரும்பிரும். எனக்குத் தெரியாதா?"

"தளத்த நேரமில்லன்னா?"

"நீ பாக்குற வேலை அப்படி. எதப் பாத்தாலும் வெடிக்கும்னுதான் தோணும்."

மாடிக்குப் போய்விட்டார்.

செப். 14, ஞாயிறு

மேகம் இல்லை. ஐந்தரை மணி. ஓடுதளத்துக்கு இரண்டு மணி நேரப் பயணம். அப்பா ஒரே ஒரு இட்லி, காபி வேண்டாம். முகத்தில் சவரம் செய்த பளபளப்பு, பத்து வயது குறைந்த மாதிரி. வாசலை மறித்து நின்றேன்.

"நீங்க பறங்க. ஆனா கீழ ஆளு நிக்கக் கூடாது. வேன் இன்னும் கிளம்பல. முதலாளிக்கு இப்பவே போன் போட்டு, ஜனங்களைக் கூட்டிவர வேண்டாம்னு நீங்களே சொல்லுங்க. ஏன்னு கேட்டா, கண்ணு இருட்டுதுன்னு சொல்லுங்க."

முதலாளியின் எண்ணை அழுத்தி போனை நீட்டினேன். அந்தப் பக்கம் மணி அடித்தது.

அப்பா போனை வாங்காமல் உள்ளே திரும்பி, கார் சாவி எங்கே என்று அம்மாவிடம் கேட்டார்.