கடுகு டப்பாவில் ஒரு கொலுசு

இன்று காலை முன்கையில் ஜெல்லைத் தடவியதும் குப்பென்று ஸ்பிரிட் வாசனை எழுந்தது. கை காய்வதற்குள் அந்த வாசனை உன்னைக் கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரி வராந்தாவில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டது. வலது காலை நீட்டிக்கொண்டு, முந்தானையால் அதை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். எழுபதைத் தாண்டிய கிழவி நான், காபிகூடக் குடிக்காமல் அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. உன்னை நினைத்தால் கடைசியில் எனக்குக் கோபம்தான் வருகிறது அக்கா.

இந்த ஹார்மோன் ஜெல்லை எழுதிக் கொடுத்தவர் திருவள்ளூரில் இருக்கும் ஒரு டாக்டரம்மா. பேத்தி வயது. போகும்போதெல்லாம் ரத்தம் எடுப்பார், பிரஷர் பார்ப்பார், குனிந்து என் கெண்டைக்காலை அமுக்கிப் பார்ப்பார். “ஒரு கால் மட்டும் வீங்குதாம்மா? மூச்சு வாங்குதா? வேற என்ன மாத்திரை எடுக்கறீங்க?” அவ்வளவுதான் கேள்வி. முதல் தடவை அவர் கேட்டபோது உன்னைத்தான் நினைத்தேன். இதை உன்னிடம் ஒரு நாதியும் கேட்கவில்லையே.

திருநங்கை என்ற சொல் அப்போது இல்லை. ஊர் நம்மைக் கூப்பிட்ட சொற்களை எழுதி இந்தக் காகிதத்தை அசிங்கப்படுத்த மாட்டேன். எழுபதுகளின் நடுப்பகுதி. கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதுக் கம்பெனிகளுக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ரோட்டோரம் கீற்றுக் கொட்டகையில் நாம் இருவரும் நாஷ்டா கடை போட்டோம். நம் கையால் தின்ன மாட்டோம் என்று முறைத்த கூலியாட்கள், உன் வடகறி வாசனை பிடித்த பிறகு இடம் பிடிக்கச் சண்டை போட்டார்கள்.

சுவருக்குச் சுவர் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம். அந்தக் கருத்தடை மாத்திரைதான் நமக்கு மருந்து. நாம் இருவரும் ஆணுறுப்பை அறுத்துக்கொண்டு வந்து பல காலம் ஆகியிருந்தது. உடம்பு முழுசாகப் பெண்ணாக இந்த மாத்திரை வேண்டும் என்று நம் ஆட்கள் காதுக்குக் காது சொல்லி வைத்திருந்தார்கள். எத்தனை, எத்தனை நாள் என்று சொல்ல யாருமில்லை. “யாருக்கு வாங்கறே, உன் ஊட்டுக்காரிக்கா?” என்று மருந்துக் கடைக்காரன் இளிப்பான். “உன் பொண்டாட்டிக்குதான். நீ மறந்துட்டேன்னு என்னாண்ட அழுதுச்சு” என்பாய். கடையில் நின்றவர்கள் எல்லாம் சிரிப்பார்கள்.

அட்டையின் கடைசி வரிசையில் வேறு நிறத்தில் சில மாத்திரைகள் இருக்கும். அவற்றை நீ தொட மாட்டாய். “அது தூரமாவற பொம்பளைக்குடி. நமக்கு இன்னாத்துக்கு?” அவற்றைப் பொடித்துக் கனகாம்பரத்துக்குப் போட்டுவிட்டு அன்றைக்கே புது அட்டையைப் பிரிப்பாய். அது வெறும் இரும்புச் சத்து மாத்திரையாம், இப்போதுதான் தெரிகிறது. செடி என்னவோ நன்றாகப் பூத்தது.

நாற்பது தாண்டியதும் உனக்குப் பயம் பிடித்தது. “வயசாவ ஆவ பழைய ஆம்பள மூஞ்சி திரும்பிக்கினு வரும்டி. டபுளா போட்டாத்தான் நிக்கும்.” ஒன்று இரண்டானது. ஆடி மாசக் கூழ் ஊற்றலுக்கு ஆடப் போவதற்கு முன் கை நிறையப் போட்டுக்கொண்டாய். நடுநடுவே பீடி வேறு. கண்ணாடியில் கன்னத்தைத் தடவிப் பார்த்து, “மெத்துன்னு கீதான்னு பாரு” என்று என் கையை இழுத்து வைத்துக்கொள்வாய். உன் முகத்தில் அந்த நேரத்துச் சிரிப்பை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

பிறகு வலது கால் வீங்கியது. கொலுசுக் கொக்கி எட்டவில்லை. கழற்றிக் கடுகு டப்பாவில் போட்டாய்.

“ஒத்தக் கால் மட்டும் ஏன்க்கா?”

“அடுப்பாண்ட நின்னுக்கினே கீறேன், வீங்காம இன்னா பண்ணும்? சும்மா பேஜார் பண்ணாத.”

இழுத்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊசி போட்ட கையோடு வந்த கம்பவுண்டர், ஸ்பிரிட் நாற்றத்தோடு சீட்டை எடுத்தான். “ஆம்பளைன்னு எழுதவா, பொம்பளைன்னு எழுதவா?” வரிசையே சிரித்தது. உன்னிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அதுதான். டாக்டர் தூரத்தில் இருந்தபடியே பார்த்துத் தைலம் எழுதினார். நீயும் மாத்திரையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்து கேட்டதற்கு என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? “சொன்னா நிறுத்துன்னுவான். அந்தப் பழைய மூஞ்ச வச்சிக்கினு உயிரோட இருந்து இன்னாடி பண்ண?”

அந்த வாரமே ஒரு காலையில் இட்லிப் பானையை இறக்கியவள் அப்படியே உட்கார்ந்தாய். “மூச்சு வரலடி” என்றாய். யாரோ ஒரு கூலியாள் லாரியை நிறுத்த ரோட்டுக்கு ஓடினான். லாரி நின்றது. நீ இல்லை.

ஆர்.கே.பேட்டையிலிருந்து உன் அண்ணன்மார் வந்தார்கள். உயிரோடு இருந்தபோது எட்டிப் பார்க்காதவர்கள். முடியை வெட்டினார்கள், மூக்குத்தியைக் கழற்றினார்கள், இடது கால் கொலுசையும் உருவினார்கள். வேட்டி கட்டி எடுத்துப் போனார்கள். நீ எதற்குப் பயந்து உயிரை விட்டாயோ அதை அந்தப் பாவிகள் ஒரு கத்தரிக்கோலால் முடித்துவிட்டார்கள். கடுகு டப்பாவை மட்டும் அவர்கள் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் மாத்திரையைத் தொடவில்லை. வருடக்கணக்கில் எதுவுமே இல்லை. அதற்கும் உடம்பு கணக்குத் தீர்த்தது. எலும்பு தேய்ந்து, சும்மா வழுக்கி விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்தது. “ஒரேயடியா விட்டதும் தப்புதாம்மா. ஆனா இந்த வயசுல மாத்திரை வேணாம், கால்ல ரத்தம் கட்டி நெஞ்சை அடைச்சிடும். கொஞ்சமா தோல்ல தடவினா போதும்” என்றார் டாக்டரம்மா. போன வருடம் அதையும் பாதியாகக் குறைத்தார். அப்போது உன் கேள்வியை நான் கேட்டேன். பழைய முகம் திரும்பிவிடுமா என்று.

அவர் சிரிக்கவில்லை. “ஆபரேஷன் ஆனவங்களுக்கு அப்படித் திரும்பாதும்மா. எல்லாப் பொம்பளைக்கும் விழற சுருக்கம் உங்களுக்கும் விழும், அவ்வளவுதான்.”

அவ்வளவுதானாம் அக்கா. நீ கை நிறைய விழுங்கித் தடுத்தது வரவே வராத ஒன்றை. பஸ்ஸில் வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

தினமும் குளித்துவிட்டு வந்ததும் உன் கொலுசை எடுத்து முதலில் இடது காலில் மாட்டிப் பார்ப்பேன், பிறகு வலது காலில். டாக்டரம்மா சொல்லிக் கொடுத்ததில்லை, நானாகச் செய்வது. இன்றைக்கும் இரண்டு காலிலும் கொக்கி எட்டியது. கழற்றும்போது வழக்கம்போல உன்னை நன்றாகத் திட்டினேன்.