நோட்டீஸில் முதல் பெயர்

1955 பெப்ரவரி 12

கல்லூரிப் பரிசளிப்பு விழா. நிகழ்ச்சி நிரல் அச்சடித்தவன் என்ற முறையில் எனக்கும் ஒரு நாற்காலி - தூணுக்குப் பின்னால். "எங்கள் போடிங் பிள்ளைகளால் மாத்தளை எவ்வளவு வளர்ந்திருக்கிறது!" என்றார் அதிபர் பாதர். வளர்ந்தது ஊரா? இத்ரூஸ் முதலாளியின் வயிறு வளர்ந்தது. போடிங் விடுதிக்கு அரிசி, பருப்பு எல்லாம் அவர் கடையிலிருந்துதான். சாக்கின் மேலே இருக்கும் அரிசியைப் பாதருக்குக் காட்டுவார், அடியில் இருப்பதைப் பிள்ளைகள் தின்பார்கள். காணிப் பத்திரம் எழுதும் நொத்தாரிஸ் ஒஸ்வல்ட் தன் வீடுகளை ஆசிரியர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். கூரை ஒழுகுகிறது என்று சொன்னால் சட்டம் பேசுவார். இரண்டு பேரும் முன்வரிசையில், மாலையோடு!

நானும் கை தட்டினேன். தட்டாமல் முடியுமா? தவணைப் பரீட்சை வினாத்தாள் முழுவதும் என் அச்சுக்கூடத்தில்தானே அடிக்கிறது.

மார்ச் 3

மழை. மெஷின் மிதித்துக் கால் வலி.

ஜூன் 20

கல்லூரி வாசலுக்கு எதிரே சலூன் வைத்திருக்கும் சிவலிங்கம் வந்தான். பாதர் முடி வெட்டிக்கொள்ளும்போது சொன்னாராம்: சாப்பாடு மோசம் என்று பெற்றோர் முறைப்பாடு, போடிங்கைக் கண்டிக்கே கொண்டுபோக மிஷன் யோசிக்கிறது. அடுத்த மாதம் பெரியவர்கள் வந்து பார்ப்பார்கள். ஊரார் திரண்டு கேட்டால் விட்டுவைக்கலாம்.

"கூட்டம் வைப்போம் அண்ணே. போடிங் போச்சுன்னா நாமெல்லாம் ஈ ஓட்ட வேண்டியதுதான்."

அவன் சலூன், பேக்கரி, சந்தியில் சப்பாத்துக் கடை, நாவுலையிலிருந்து வரும் மரக்கறி லொறி - எல்லாம் அந்தப் பயல்களை நம்பித்தான். நான் அப்படியா? எனக்குக் கலியாணக் காட் இருக்கிறது.

ஜூலை 2

நோட்டீஸ் வேலை. சிவலிங்கம் கடை கடையாக ஏறி இறங்கி எல்லோரையும் சம்மதிக்க வைத்துவிட்டான். ஆனால் கூட்டத்தில் என்ன பேசுவது என்று ஒரு பெரிய மனிதராவது கேட்க வேண்டுமே! தன் பெயர் எங்கே வரும் என்பதுதான் கவலை. காலையில் இத்ரூஸ் முதலாளி: "எண்ட பேர மேல போடுங்க நோபர்ட். பெரிய எழுத்துல." பகலில் நொத்தாரிஸ்: "படிச்சவங்க பேருதான் முதல்ல வரணும். அதுதான் முறை."

முறையா? காட்டுகிறேன் முறையை. அலைந்தவன் யார்? கொட்டை எழுத்தில், எல்லோருக்கும் மேலே: சலூன் சிவலிங்கம். மற்றவர்கள் கீழே, பொடி எழுத்தில்.

அவன் பார்த்துப் பயந்துபோனான். "வேணாம் அண்ணே, என் பேர அடியில போடுங்க. அவங்க வராம போயிருவாங்க."

போகட்டுமே! அடித்து முடித்தேன். இவ்வளவு சந்தோஷமாக மெஷின் மிதித்து வருஷக்கணக்காகிறது.

ஜூலை 4

இத்ரூஸ் முதலாளி தெருவில் நின்றே கத்தினார். "சலூன்காரன்ட பேருக்குக் கீழயா எண்ட பேரு? எண்ட வாப்பா காலத்துலருந்து இந்தத் தெருவுல யாவாரம் செய்றோம்!" நொத்தாரிஸ் நோட்டீஸைக் கசக்கி ஆளிடம் கொடுத்தனுப்பினார். விழுந்து விழுந்து சிரித்தேன்.

மனைவி டொறீன் சிரிக்கவில்லை. "ஏங்க, வினாத்தாள் வேலையும் கண்டிக்குப் போயிருச்சுன்னா என்னத்த அடிப்பீங்க?" இவளுக்கு எதற்கெடுத்தாலும் பயம்.

ஜூலை 10

கூட்டம். மண்டபம் நிறைய நாற்காலி. ஆள்? சிவலிங்கம், நான், பேக்கரி வேலையாள், மழைக்கு ஒதுங்கியவர்கள். முதலாளி வரவில்லை என்று கடைக்காரர்கள் வரவில்லை. நொத்தாரிஸ் வரவில்லை என்று மற்றவர்கள் வரவில்லை. ஆட்டு மந்தைகள்!

சிவலிங்கம் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தான். பேச எழுந்தான், காலி நாற்காலிகளைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். கண்டியிலிருந்து வந்த மிஷன் பெரியவர் பாதரிடம், "ஊருக்கே அக்கறை இல்லை போலிருக்கிறது" என்றார். பாதர் என்னைப் பார்த்தார்.

என்னை ஏன் பார்க்க வேண்டும்? மாலை போட்டுக்கொண்டவர்களைப் போய்ப் பாருங்களேன்! நானா சாக்கில் கல் அரிசி வைத்தேன்? நானா -

சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 9

போடிங் பிள்ளைகள் பெட்டி படுக்கையோடு கண்டி ரயில் ஏறினார்கள். பேக்கரிக்காரர் ஸ்டேஷனுக்குப் போய் ஆளுக்கொரு பணிஸ் கொடுத்தாராம். இப்போது வருகிறது பாசம்.

1956 ஜனவரி 30

ஆசிரியர்களில் பாதிப் பேர் மாற்றலாகிவிட்டார்கள். நொத்தாரிஸ் வீடுகள் காலி. 'வாடகைக்கு விடப்படும்' என்று அட்டை அடித்துத் தரச் சொல்லி ஆளனுப்பினார். கேட்டதற்கு மேல் ஒரு கட்டு அடித்து வைத்திருக்கிறேன். இந்தத் தெருவைப் பற்றி எனக்குத் தெரியாதா!

ஏப்ரல் 17

வாடகை அட்டைக் கட்டு குறைகிறது. சப்பாத்துக் கடை, பிறகு பேக்கரி. இன்று சிவலிங்கம். உக்குவளையில் மச்சானின் சலூனில் கூலிக்கு நிற்கப் போகிறான். அட்டைக்குக் காசு நீட்டினான், நான் வாங்கவில்லை.

"என் பேர முதல்ல போட்டது நீங்க ஒருத்தர்தான் அண்ணே. அந்த நோட்டீஸ பத்திரமா வச்சிருக்கேன்."

நிஜமாகவே சொன்னான். முகத்தைப் பார்க்க முடியாமல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே விட்ட எண்ணெய்.

ஜூன் 6

தவணை வினாத்தாள் இனிக் கண்டியில்தான். பாதர் கடிதம்.

ஓகஸ்ட் 21

கலியாணக் காட் அடிக்க ஒருவரும் வருவதில்லை. கலியாணம் செய்கிறவர்களும் கண்டிக்கே போகிறார்கள் போலும்.

அந்த அட்டைக் கட்டில் மிச்சம் ஒன்றுதான். டொறீன் பசை காய்ச்சிக் கொடுத்தாள். அச்சுக்கூடக் கதவில் ஒட்டப்போனேன். எதிர்ப்பக்கம், இதே அட்டை ஒட்டிய தன் கடைப் படியில் இத்ரூஸ் முதலாளி உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து அட்டையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் மேல போடுங்க நோபர்ட். ஆக்களுக்குத் தெரியணுமே."

மேலே போட்டேன்.