மாங்கேணி மண்டையோட்டின் கன்னம்

2025 மார்ச் 3, திங்கள்
மாங்கேணிப் பக்கம் கிணறு வெட்டியபோது கிடைத்த பழைய மண்டையோடுகளை எங்கள் ஸ்கேன் சென்டருக்குக் கொண்டுவரப்போகிறார்களாம். பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் அந்தக் காலத்து முகங்களின் உள்ளமைப்பை சி.ரி. ஸ்கேனில் பார்த்துப் படிப்பாராம். பொறுப்பு கம்சாயினிக்கு. ஒன்பது வருடமாக இந்த மெஷினோடு மாரடிப்பவள் நான். அவள் வந்து இரண்டு வருடம். பேராசிரியரோடு இங்கிலிஷில் பேசத் தெரிந்தால் போதும் போல.

மார்ச் 9, ஞாயிறு
முதல் மண்டையோடு. முகமெல்லாம் மண் இறுகியிருந்ததால் பற்கள் தெரியவில்லை. பின்பக்கம் உடைந்திருந்தது, மல்லாத்தி வைத்தால் பொடியாகிவிடும். பஞ்சு அடைத்துக் குப்புறக் கிடத்தினேன். நான்தான் கிடத்தினேன்! அவள் பேராசிரியருக்கு விளக்கிக்கொண்டு நின்றாள். பேப்பர்காரர் படம் எடுத்ததும் அவளைத்தான். நோன்பு வாயோடு எரிந்துகொண்டு நின்றேன்.

மார்ச் 10
கன்ன எலும்புக்குள் காற்று இருக்கும் அறையில், பல்லில் இருந்து சீழ் ஏறிய அடையாளம். பாவம், எப்படி வலித்திருக்கும். கம்சாயினி அறிக்கையில் 'வலது கன்னம்' என்று எழுதியிருக்கிறாள். இல்லை, இடது. குப்புறக் கிடந்ததை மெஷினில் மல்லாந்தது என்று பதிந்துவிட்டாள், படத்தில் இடம் வலம் மாறிவிட்டது. படிக்கத் தொடங்கிய முதல் மாதத்திலேயே சொல்லித்தருகிற விஷயம்.
நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவேண்டும்?

மார்ச் 12
இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 16
பேப்பரில் அவள் படம். நோன்பு திறக்கும் நேரம் உம்மா அதைக் காட்டி, "நீ எங்க புள்ள நிண்ட?" என்று கேட்டார். கஞ்சிக் கோப்பையை அந்தப் படத்தின் மேலேயே வைத்தேன்.
பொறாமைதான். எழுதினால் என்ன, இது என் டயரிக் கொப்பிதானே. அந்தப் பிழை வெளியே வரும் நாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 26, புதன்
வந்துவிட்டது. பல்கலைக்கழகத்தில் மண்ணை நீக்கியபோது உளுத்த பல் இடது பக்கத்தில் இருந்ததாம். பேராசிரியர் போனில் கம்சாயினியைக் காய்ச்சி எடுத்தார். எனக்கு உள்ளுக்குள் பெருநாள்.
அவளுடைய பெயரைக் கண்ணால் காண வேண்டும் என்று மெஷினில் அந்தப் பதிவைத் திறந்தேன். பதிந்தவர்: அகீலா.
நான்.
ஒன்பது வருடமாக வருகிறவர்கள் எல்லாம் மல்லாந்துதான் படுக்கிறார்கள். கை தானாக 'மல்லாந்தது' என்று அழுத்தியிருக்கிறது. அவளை முறைத்துக்கொண்டே அழுத்தியிருப்பேன். பதினாறு நாள் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தது என் பிழைக்கா?

மார்ச் 27
நேற்று அவளும் அந்தப் பதிவைப் பார்த்திருக்கிறாள். பேராசிரியரிடம் என் பெயரைச் சொல்லவில்லை.
"நான்தான் பிழை விட்டன் எண்டு சொல்லிட்டன், அகீலா. நீ நோன்போட நிண்ட நீ, களைப்பில நடந்திருக்கும்."
களைப்பாம்.
அவளை மண்டையோட்டு வேலையில் இருந்து நிறுத்திவிட்டார்கள். மிச்ச மூன்று மண்டையோடும் இனி என் பொறுப்பு. கேட்டது கிடைத்துவிட்டது — பிறகு ஏன் அழுகை வருகிறது?

மார்ச் 30, ஞாயிறு
மூன்று நாளாக எழுதி எழுதி அழித்ததை இன்று பேராசிரியருக்கு அனுப்பிவிட்டேன். பதிந்தது நான். பிழை என்று தெரிந்தும் சொல்லாமல் இருந்ததும் நான். இரண்டாவது வரியை எழுதியிருக்கத் தேவையில்லை, அது ஒருவருக்கும் தெரியாது. மண்டையோடுகள் என் கையை விட்டுப் போகும், வேலையும் போகலாம். போகட்டும். நல்லவள் என்ற பெயரையும் அவள் ஒருத்தியே எடுத்துக்கொண்டு போக விடுவேனா?