மைல்ஸுக்கு மட்டும் இல்லாத சீட்டு

என் பிரியமான வீட்டுக்காரருக்கு,

முதுகுவலி தேவலையா? அத்தை வேளைக்கு மாத்திரை போடுகிறார்களா? நான் சௌக்கியம், கோபம் ஒன்றுதான் தணியவில்லை.

அச்சு இயந்திரங்களைப் பழுதுபார்க்க ஊர் ஊராகப் பறந்து நான் சேர்த்த இலவசப் பயண மைல்ஸில் உங்களை இங்கே ஐரோப்பாவுக்கு அழைக்கலாம் என்றால், விமானக் கம்பெனி மாதக்கணக்கில் ஒரே பல்லவி பாடியது: "மைல்ஸ் டிக்கெட்டுக்கு சீட் இல்லைங்க." சென்ற வாரம் வேலைக்காக நம் பக்கம் வந்து, வீட்டை எட்டிப்பார்க்கக்கூட நேரமில்லாமல், சீட் இல்லை என்ற அதே விமானத்தில்தான் இங்கே திரும்பினேன். என் பக்கத்து இருக்கை காலி! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பணிப்பெண், "இங்க யாராவது வர்றாங்களா?" என்று கேட்டாள்.

"வர வேண்டியவர்தான். நீங்கதான் விடமாட்டேங்கிறீங்க!" என்று கொட்டித் தீர்த்துவிட்டேன்.

பாவம், அவள் என்ன செய்வாள்! "விக்காத சீட்டைக் கடைசி ரெண்டு மூணு நாள்லதான் மைல்ஸுக்குத் திறப்பாங்க அக்கா. தினமும் பாருங்க" என்றாள். இதைச் சொல்ல அந்தக் கம்பெனியில் வேறு யாருக்கும் வாயில்லையா?

இன்று காலை உங்களுக்கு ஒரு சீட் திறந்தது. உடனே டிக்கெட் போட்டுவிட்டேன்; இந்த மின்னஞ்சலோடு இணைத்திருக்கிறேன். நாளை மறுநாள் கிளம்புகிறீர்கள். விசா கையில் இருக்கிறது, சாக்குச் சொல்லாதீர்கள்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. மறக்காமல் ஒரு சாப்பாட்டுத் தட்டு எடுத்து வாருங்கள். என் அறையில் ஒன்றுதான் இருக்கிறது.

உங்கள்
கோபக்காரி