ரூட் எய்ட்டீன் காளைகளுக்கு முதலிடம் என்கிறது கணினி

எட்டாமிடத்தில் உட்கார்ந்துகொண்டு எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்த என் சந்துருவுக்கு,

உன் வீட்டு வாசல் டிரைவ்வேயில் பனி முழுக்கக் கரைந்துவிட்டது. அன்று காலை நீ தள்ளி முடித்த பாதியும், நீ விழுந்ததால் தள்ளாமல் விட்ட பாதியும் இப்போது பார்க்க ஒன்றாகத்தான் இருக்கின்றன. கொஞ்ச நாள் விட்டிருந்தால் அது தானாகவே போயிருக்கும். இதை உன்னிடம் சொல்லவேண்டும் என்று தோன்றியது. சொல்லி ஒரு பயனும் இல்லை என்பதும் தெரியும்.

பனி போனால் நம் லீக் தொடங்கும். லீக் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, எட்டு அணிகளுக்கும் நான் முன்னோட்டம் எழுதி உன் வீட்டு பேஸ்மென்டில் வாசிக்கவேண்டும். ஓக் ட்ரீ ரோடு இந்தியக் கடையிலிருந்து ஒரு தட்டு சமோசா வரும். டெக்சாஸும் கலிஃபோர்னியாவும் டிவி திரையில் வந்து ஆட்சேபணை தெரிவிக்கும். இந்த வருடமும் எழுத உட்கார்ந்தேன். முதல் வரியே உன்னைப் பார்த்துத்தான் வந்தது. அதனால் இதைக் கடிதமாகவே எழுதிவிடுகிறேன். மற்றவர்கள் பக்கத்திலிருந்து கேட்டுக்கொள்ளட்டும்.

பேஸ்பால் என்றாலே எழுந்து போய்விடும் நம் வீட்டு ஆட்களுக்காக ஒரு விளக்கம். நாம் ஆடுவது நிஜ பேஸ்பால் இல்லை. எல்லாம் கணினிக்குள் நடக்கிறது. உலகத்தில் இல்லாத ஆட்டக்காரர்களைக் கணினியே பிறப்பித்து, வயதாக்கி, ஒருநாள் ஓய்வு கொடுத்து அனுப்பிவிடும். யாரை எடுப்பது, யாரை ஆடவிடுவது, யாரை நீக்குவது என்று தீர்மானிப்பது மட்டும் உரிமையாளர்களான நம் வேலை. ஆட்டத்தைக் கணினியே ஆடி முடித்துவிட்டு, காபி குடிக்கும் நேரத்தில் யார் தோற்றோம் என்று சொல்லும். நம்மில் ஒருவரும் பேஸ்பால் மட்டையைக் கையால் தொட்டதில்லை. பாலாஜி மட்டும் ஒருமுறை தொட்டான். கராஜுக்குள் குப்பை கிளறும் ரக்கூன் வந்திருந்தது.

முதலில் கலிஃபோர்னியாவின் டப்ளின் தென்றல். ஒரு பேஸ்பால் அணிக்குத் தென்றல் என்று பெயர் வைக்க நம் ஜமாலால்தான் முடியும். அலுவலகத்தில் அவனுக்குப் புதிதாக இன்னொரு மேனேஜர் வந்திருக்கிறார். வருகிறவர்கள் எல்லாம் முதல் நாளே, “உங்க விஷன் என்ன?” என்று கேட்கிறார்களாம். அந்தக் கோபத்தை எங்கே காட்டுவது என்று தெரியாமல் அணியின் பயிற்சியாளரை மாற்றிக்கொண்டே இருக்கிறான். நாலாமிடம்.

அடுத்து டெக்சாஸ் தலைவர்கள். உரிமையாளர் பாலாஜி, லீகின் கமிஷனரும் அவனே. விதிமுறைகளை எழுதியவன், எனவே அவற்றைப் படித்தவனும் அவன் ஒருவன்தான். கிரீன் கார்டுக்காக அவன் இன்னும் வரிசையில்தான் நிற்கிறான். காத்திருப்பதில் அவனுக்குள்ள பயிற்சி வேறு யாருக்கும் கிடையாது. ஆகவே அணி முழுக்கப் பொடியன்களாகச் சேர்த்துவைத்துக்கொண்டு, என்றாவது வளர்வார்கள் என்று உட்கார்ந்திருக்கிறான். மூன்றாமிடம்.

ஐசலின் சிங்கங்கள் என்னுடையது. என்னைப் பற்றி நானே எழுதுவது நாகரிகமில்லை. ஆறாமிடம். மற்ற நான்கு பேரைப் பற்றி வழக்கம்போல ஒரே சொல்: ஆடுவார்கள்.

இனி உன் அணி, நெடுஞ்சாலையின் பெயரை வைத்துக்கொண்ட ரூட் எய்ட்டீன் காளைகள்.

உன்னைக் கம்பெனி அனுப்பியது நினைவிருக்கிறதா? உனக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை. அழைப்பில் வந்த அந்தப் பெண் மைக்கை மியூட்டில் வைத்தபடியே பாதி பேசிவிட்டாள். நீதான் பொறுமையாக, “யூ ஆர் ஆன் மியூட்” என்று சொல்லி, உன்னை வேலையைவிட்டு நீக்குகிற செய்தியை அவள் முதலிலிருந்து சரியாகச் சொல்ல உதவினாய். அதே வாரம் பேஸ்மென்டில் முன்னோட்டம். சமோசாவைக் கீழே வைத்துவிட்டு அறிவித்தாய்.

“சகலை, இனிமே என் டீம்ல யாருக்கும் லே ஆஃப் கிடையாது. வந்தவன் இருப்பான்.”

திரையிலிருந்து ஜமால் சொன்னான். “அப்ப அது டீம் இல்லடா சந்துரு, முதியோர் இல்லம்.”

“இருக்கட்டும்டா. சாப்பாடு நல்லா போடுவேன்.”

எல்லோரும் சிரித்தோம். நீ விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது சீசன் பாதியில்தான் புரிந்தது. உன் ஆட்டக்காரர்களுக்கு வயதாகிக்கொண்டே போனது. ஒருவனையும் நீ அனுப்பவில்லை. கோவிந்தராஜைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். புதிதாக வரும் ஆட்டக்காரர்களில் ஒருவனுக்கு உரிமையாளரே பெயர் வைக்கலாம் என்பது லீகின் வழக்கம். என் ஆளுக்கு நான் போன வருடம்தான் வீரபாகு என்று வைத்தேன். நீ எப்போதோ உன் இடதுகைப் பந்து வீச்சாளனுக்குக் கோவிந்தராஜ் என்று வைத்தாய். யார் அது என்று கேட்டோம். “சும்மா, ஒரு பேரு” என்றாய். சும்மா வைத்த பெயருக்காக ஒருவன் இத்தனை தோல்விகளைப் பொறுத்துக்கொள்வானா? கடைசி வருடங்களில் கோவிந்தராஜ் வீசிய பந்து சாதாரணத் தபாலில் போட்டதுபோல வந்து சேர்ந்தது. எதிரணிக்காரன் முகவரியைப் படித்துப் பார்த்துவிட்டு அடிப்பான்.

அதன்பிறகு எல்லா முன்னோட்டங்களிலும் உனக்கு எட்டாமிடம்தான். நான் வாசித்து முடித்ததும் நீ ஒருவன் மட்டும் கை தட்டுவாய். “கரெக்ட் சகலை. மனசாட்சியோட எழுதியிருக்கீங்க.”

இந்த வருடம் கணினி தன் கணிப்பை வெளியிட்டிருக்கிறது. நானும் எழுதும் முன் அதை ஒருமுறை பார்த்துக்கொள்வேன், உனக்குத் தெரியும். உன் ரூட் எய்ட்டீன் காளைகளுக்கு முதலிடம், சந்துரு.

நடந்தது இதுதான். நீ எங்களை விட்டுப் போன அந்த வாரம் ஜமால் நம் குழுவில் எழுதினான்: “மரியாதைக்கு, சந்துரு டீமை யாரும் தொட வேண்டாம். அவன் விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கட்டும்.” எல்லோரும் கைகூப்பும் படம் போட்டோம். பாலாஜி இரண்டு தடவை போட்டான். ஒருவரும் தொடவில்லை. உரிமையாளர் நெடுநாள் எட்டிப் பார்க்காத அணியைக் கணினி தானே எடுத்து நடத்தும் என்று பாலாஜியின் விதிமுறையிலேயே இருக்கிறது. எழுதியவன் அழுதுகொண்டிருந்தான்; மற்றவர்கள் படித்ததே இல்லை. நாங்கள் மரியாதை செலுத்திக்கொண்டிருந்த நாட்களில் கணினி உன் முதியோர் இல்லத்தைக் காலி செய்துகொண்டிருந்தது. முதல் ஆளாகக் கோவிந்தராஜை அனுப்பியது.

கண்டுபிடித்தது உன் மகள். அப்பாவின் அணி ஜெயிக்குமா என்று பார்க்கப் போயிருக்கிறாள், கல்லூரியிலிருந்து.

“பெரியப்பா, அப்பா டீம் ஃபர்ஸ்ட்னு வருது. சம்திங் இஸ் ராங்.”

“நல்ல விஷயம்தானேம்மா நிலா?”

“நோ. வேர் இஸ் கோவிந்தராஜ்?”

அதன்பிறகுதான் நான் பார்த்தேன். உன் பெயருக்குக் கீழே எல்லாம் புதுப் பெயர்கள். எல்லோருக்கும் இருபது சொச்சம் வயது. எல்லோரும் நன்றாக ஆடுகிறவர்கள். “டிட் யூ கைஸ் ஃபயர் ஹிம்?” என்று நிலா கேட்டாள். இல்லை, நாங்கள் மரியாதைதான் செய்தோம் என்று எப்படிச் சொல்வது? அதை ஆங்கிலத்தில் சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும்.

சனிக்கிழமை நானும் என் சுதாவும் உன் வீட்டுக்குப் போயிருந்தோம். சுதா தன் தங்கை ரேவதியோடு சமையலறையில் இருந்தாள். நான் அங்கேயே உட்கார்ந்து ஸ்பீக்கரில் பாலாஜியையும் ஜமாலையும் பிடித்தேன்.

“பாலாஜி, கோவிந்தராஜைத் திருப்பி எடுக்கணும்.”

“முடியாதே முரளி. ரிலீஸ் பண்ணா பரவால்ல, எடுத்துடலாம். யாரும் எடுக்கலைன்னதும் அவன் ரிட்டயர் ஆயிட்டான். ரிட்டயர் ஆனவன் ஆனவன்தான்.”

“நீதானே கமிஷனர்? உன்கிட்ட எல்லா பட்டனும் இருக்குமே.”

“எல்லாத்துக்கும் இருக்கு. இதுக்கு மட்டும் இல்ல. நான் தேடாம இருப்பேனா?”

ஜமால் இடையில் வந்தான். “நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. விட்டுடலாம். கம்ப்யூட்டரே ஆடட்டும். அவன் பேர்ல ஒரு கப்பாவது வரும்ல? உயிரோட இருந்தப்பதான் ஒண்ணும் வரலை.”

எனக்கும் அது சரியென்றே பட்டது, சந்துரு. கோப்பையில் உன் பெயர் இருக்கும். பேஸ்மென்டில் வைக்கலாம். நிலா கல்லூரியிலிருந்து வந்தால் பார்ப்பாள்.

உன் ரேவதி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். இந்த விளையாட்டைப் பற்றி அவள் வாய்திறந்து நான் கேட்டதில்லை. குழாயை மூடினாள்.

“மாமா, இப்ப அந்த டீமை நடத்துறது யாரு?”

“கம்ப்யூட்டர்மா.”

“வயசானவங்களை எல்லாம் அனுப்பிடுச்சா?”

“ரெண்டு பேர் மிச்சம். சீசன் ஆரம்பிக்கிறதுக்குள்ள அவங்களையும் அனுப்பிடும்.”

“அப்ப அது அவர் டீம் இல்ல மாமா. அவரைத் தூக்கினாங்களே, அந்தக் கம்பெனி டீம். அவங்க ஜெயிச்ச கப்பைக் கொண்டுவந்து என் வீட்டுல வைக்காதீங்க.”

மறுபடி குழாயைத் திறந்தாள். சுதா என்னைப் பார்த்தாள். ஸ்பீக்கரில் ஜமால், “சரி ரேவதி, சரிம்மா” என்று தண்ணீர்ச் சத்தத்திடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஒருவருக்கு ஓர் அணிதான் என்று பாலாஜியின் விதி சொல்கிறது. உன் அணியை எடுக்கவேண்டும் என்றால் என் சிங்கங்களை விடவேண்டும். விட்டேன். சிங்கங்களை அன்றே கணினி எடுத்துக்கொண்டது. கணிப்பில் அவை ஆறாமிடத்திலிருந்து இரண்டாமிடத்துக்குப் போய்விட்டன. இத்தனை வருடமாக அந்த அணிக்கு என்ன குறை என்பது தெளிவாகத் தெரிந்துவிட்டது. வீரபாகுவையும் அனுப்பிவிட்டது. அவனுக்கு இளவயது, எங்காவது பிழைத்துக்கொள்வான்.

உன் இடத்தில் உட்கார்ந்ததும் முதலில் அந்த இரண்டு கிழவர்களையும் பத்திரப்படுத்தினேன். பிறகு கோவிந்தராஜைத் தேடினேன். பாலாஜி சொன்னதை நம்பாமல் இல்லை, இருந்தாலும் தேடினேன். பெயர் இருக்கிறது. படம் இருக்கிறது. பக்கத்தில் ‘ஓய்வு பெற்றார்’ என்று இருக்கிறது. எந்த இடத்தில் அழுத்தினாலும் ஒன்றும் ஆவதில்லை. அந்தச் சொல்லின்மேல் வெகுநேரம் அழுத்திக்கொண்டே இருந்தேன் என்பதை இங்கே எழுதக்கூடாது. எழுதிவிட்டேன்.

யார் அந்தக் கோவிந்தராஜ்? ரேவதிக்குத் தெரியவில்லை. நிலாவுக்கும் தெரியவில்லை. உன்னோடு படித்தவனா? உன்னை எப்போதோ ஒருமுறை போகவிடாமல் வைத்துக்கொண்டவனா? கேட்டபோது நீ ‘சும்மா’ என்றதும் சும்மா விட்டுவிட்டோம்.

கணினி சேர்த்துவைத்த இளைஞர்கள் நன்றாகவே ஆடுவார்கள். முதல் வேலையாக அவர்களை உட்காரவைத்துவிட்டு இரண்டு கிழவர்களையும் முன்னால் இறக்கினேன். இளைஞர்களையும் அனுப்ப மாட்டேன், வந்தவன் இருப்பான். அவர்களுக்கும் இங்கேயே வயதாகட்டும். அன்று மாலைக்குள் கணிப்பு மாறியது. முதலிடத்திலிருந்து ஐந்து. ஐந்திலிருந்து ஏழு. ஒரு அணியை இவ்வளவு வேகமாகக் கீழே இறக்க முடியும் என்று எனக்கே தெரியாது. இன்னும் ஒரு படிதான் பாக்கி.

எங்கள் அலுவலகத்திலும் பேச்சு கிளம்பியிருக்கிறது. அடுத்த வாரம் எல்லோருக்கும் சின்னச் சின்ன அழைப்புகள் வருமாம். எனக்கு வந்தால், எதிரில் இருப்பவர் மியூட்டில் இருந்தால், நான் சொல்ல மாட்டேன். உன் அளவுக்கு நல்லவன் நான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பேஸ்மென்டில் கூடுகிறோம். ரேவதி வரச்சொல்லிவிட்டாள். சமோசா சொல்லியாகிவிட்டது. இதைத்தான் வாசிக்கப்போகிறேன். முடித்ததும் கைதட்ட யாரும் இருக்கமாட்டார்கள். திரையில் இரண்டு பேரும் மூக்கைச் சிந்துவார்கள், பிறகு நெட்வொர்க் சரியில்லை என்பார்கள்.

எனவே முன்னோட்டத்தின் கடைசி வரி, திருத்தத்துடன்: ரூட் எய்ட்டீன் காளைகள், உரிமையாளர் சந்துரு, பார்த்துக்கொள்வது முரளி. எட்டாமிடம்.

கோவிந்தராஜை என்னால் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை. உன்னையும்தான். இருக்கிற ஒருவனையும் நான் அனுப்பமாட்டேன். அவர்களாகவே எழுந்து போகும்வரை வைத்திருப்பேன், ஒவ்வொரு வருடமும் தோற்பேன். நான் இருக்கும்வரை உன் கடைசி இடத்தை இந்த லீகில் வேறு யாரும் எடுத்துவிட முடியாது.

நீ பெண் எடுத்த வீட்டில் பெண் எடுத்த இன்னொருவன்,
நிலாவின் பெரியப்பா,
உன் சகலை முரளி