ரொட்டிக்கடை முனையில் வலப்பக்கம்

1996 ஜூன் 3, திங்கள்

துவைத்தது: விரிப்பு நான்கு, தலையணை உறை ஆறு. மகன் வடக்கே டூரின் நகருக்கு வேலைக்குப் போனதிலிருந்து மாடி அறை சும்மா கிடக்கிறது. கோடைக்கு வாடகைக்கு விடலாம் என்றேன். என்னவர் கோசிமோ கரண்டியைக் கீழே வைத்தார்.

"அப்போ என் மீன்வலைய எங்க போடுறது? உன் தலையிலயா?"

கடைசியில் ஒப்பந்தம்: முதலில் வருகிறவர்கள் ஒரு வாரம் முழுதும் தங்கினால் அறை எனக்கு. நடுவில் ஓடினால் வலைக்கு. மாதாவே, நீதான் சாட்சி.

ஜூன் 19

டென்மார்க்கிலிருந்து கடிதம். ஹென்ரிக், மார்யா என்று இருவர், 29ஆம் தேதி அறைக்கு வருகிறார்கள்! அவர்களுக்கு ஒரு தாள் எழுதி அனுப்பினேன். பேருந்துச் சீட்டைப் புகையிலைக் கடையில் வாங்கவும், பேருந்தில் கேட்டால் திட்டுவார்கள். கோயிலுக்குத் தோளை மூடி வரவும். பாறையில் காலைக் குத்தும் கடல்முள்ளெலி உண்டு, கடலில் ரப்பர் செருப்போடு இறங்கவும். ரயில் நிலையத்திலிருந்து நேரே வந்து, ரொட்டிக்கடை முனையில் வலப்பக்கம் திரும்பவும்.

மொத்தம் பதினாறு குறிப்பு. எழுத்து நானாகக் கற்றது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளட்டும்.

கோசிமோ இப்போதே மாடியில் வலைக்கு ஆணி அடித்துவிட்டார்.

ஜூன் 29, சனி, பேதுரு பவுல் திருநாள்

ஐயோ.

ஒரு மணி ரயில். மூன்றரை வரை ஆளைக் காணோம். நாலு மணிக்கு நாத்தனார் வீத்தா இழுத்து வந்தாள்.

"அண்ணி, உங்க விருந்தாளிங்க! ரொட்டிக்கடையத் தேடி ஊர மூணு சுத்து சுத்தியிருக்காங்க. அது மூடி ஒம்போது வருஷம் ஆச்சே!"

ஆமாம், மூடியாச்சு. ஆனா நாம எல்லாரும் இன்னும் அந்த முனைய அப்படித்தானே சொல்றோம்? மதியம் ஒன்றிலிருந்து ஐந்து வரை கடை திறக்காது, தெருவில் ஆள் நடக்காது. அதையும் எழுதவில்லை. அது தெரியாதவங்க உலகத்துல இருப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்?

இருவர் முகமும் தக்காளி. பட்டினி வேறு. சோறும் சிப்பியும் உருளைக்கிழங்கும் அடுக்கி வேகவைத்ததைப் பரிமாறினேன். இருவருமாக மூன்று தட்டு காலி.

கோசிமோ கதவில் சாய்ந்து, "வலைய எடுத்துட்டு வரட்டா?"

ஜூன் 30

விடிந்ததும் மாடியில் பை இழுக்கும் சத்தம். பூசையில் மனம் நிற்கவில்லை. மூட்டை கட்டுகிறார்களோ?

ஜூலை 1

கட்டவில்லை! துணியை இழுப்பறையில் அடுக்கியிருக்கிறார்கள். மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி.

ஜூலை 3

ஹென்ரிக்குக்குக் கயிற்று முடிச்சு நன்றாக வருமாம். கோசிமோ படகில் கூட்டிப் போனார். "மொழிதான் வரல, கை மீனவன் கை," என்றார் திரும்பி வந்து. அவர் வாயிலிருந்து இவ்வளவு பாராட்டா?

ஜூலை 6, சனி

போய்விட்டார்கள். ஏழு நாளும் முழுதாக இருந்துவிட்டு. மார்யா என் கன்னத்தில் முத்தமிட்டு, அந்தத் தாளைத் திருப்பித் தந்தாள். அடியில் பென்சிலில், பாதி எங்கள் மொழி, பாதி படம்:

17. ரொட்டிக்கடை என்றால் பச்சைக் கதவு.
18. ஒன்றிலிருந்து ஐந்து வரை ஊர் தூங்கும். நீங்களும் தூங்குங்கள்.

அதற்கும் கீழே, கோணல் கோணலாக, எனக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்து:

19. தெற்குக் காற்று அடித்தால் பெரிய கடற்கரைக்குப் போகவேண்டாம். கோசிமோவைக் கேட்கவும்.

தாளை மேசைமேல் வைத்துவிட்டு விரிப்பைத் துவைக்கப் போனேன். மாலையில் மாடிக்குப் போனால், கோசிமோ வலைக்கு அடித்த ஆணியில் வலை இல்லை, அந்தத் தாள் தொங்குகிறது.