நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு பல் அச்சு

மார்ச் 4

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய புத்தகம் வந்து சேர்ந்தது. அதனால் எனக்கு நேர்ந்த அவமானத்தை முதலில் எழுதிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீ கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது மேல்.

பல் கட்டும் நம் லேபில் மெழுகு ஆறட்டும் என்று ஒரு பல் செட்டை மடியில் வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தேன். கதையில் அந்தச் சின்னப் பெண் அலமாரிக்குள் ஒளிந்திருக்கிறாள். அப்பா ஒவ்வொரு அறையாகத் தேடிக்கொண்டு வருகிறான். அந்த நேரம் பார்த்து முதலாளியம்மா பின்னாலிருந்து என் தோளில் கை வைத்தார். நான் போட்ட சத்தத்தில் தெருவில் வண்டி நிறுத்திக்கொண்டிருந்த ஒருவர் உள்ளே ஓடி வந்துவிட்டார். மடியிலிருந்த செட் விழுந்து, முன்பற்கள் இரண்டு கழன்று பெஞ்சுக்கு அடியில் உருண்டுவிட்டன. ஐம்பத்தெட்டு வயது ஆள் மண்டியிட்டுப் பல் தேடுவதை எல்லாரும் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"என்னண்ணே, பேயா?" என்று கேட்டான், பிளாஸ்டர் கலந்து கலந்து மாவு என்றே பெயராகிப்போன நம் பையன்.

"இல்லடா, முதலாளி" என்றேன். நல்ல மனுஷி, சிரித்துவிட்டார்.

புத்தகத்துக்குள் நீ வைத்திருந்த சீட்டையும் படித்தேன். தெரிந்த ஒருத்தி எழுதிய புத்தகம் இது, நாலு பேரிடம் கொடுத்து என்ன சொல்கிறார்கள் என்று கடிதமாக எழுதுங்கள், போனில் நீங்கள் மூன்று நிமிஷம் சிரிப்புக் காட்டிவிட்டு வைத்துவிடுவீர்கள் என்று. புகார் நியாயம்தான். ஆனால் நான் படித்தது பத்தாவது. அதை இரண்டு தடவை படித்தேன், அந்தக் கணக்கில் வேண்டுமானால் பதினொன்று என்று வைத்துக்கொள். அதற்குத் தகுந்த மாதிரிதான் என் கருத்தும் இருக்கும்.

எனக்குப் புரிந்த கதை இது. சரியா என்று பார். ஒரு குமாஸ்தா, அவன் மனைவி, ஒன்பது வயது மகள். ஒருநாள் காலையில் அம்மா வீட்டில் இல்லை. "வேலைக்குப் போயிருக்கா, வந்துடுவா" என்கிறான் அப்பா. பிறகு நாள் முழுக்க வேடிக்கை பேசிக்கொண்டே இருக்கிறான். இவன் அம்மாவை ஏதோ செய்துவிட்டான் என்று மகளுக்குச் சந்தேகம் விழுகிறது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அவன் அலமாரியில் கைக்குட்டையில் சுற்றிய ஒரு பொருள் கிடைக்கிறது. பிரித்தால் அம்மாவின் பல் வரிசை, பிளாஸ்டரில் எடுத்த அச்சு. அன்றிலிருந்து அவள் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேட்டால் தனக்கும் அதே கதிதான் என்று பயம். கடைசியில் வளர்ந்து பெரியவளாகி, பூட்டிய ஓர் அறைக்கு முன்னால் சாவியோடு நிற்கிறாள். அங்கே புத்தகம் முடிந்துவிட்டது. திறந்தாளா இல்லையா என்று சொல்லாமல் காசு வாங்குவது என்ன தொழிலோ. நாங்கள் பாதிப் பல்லைக் கட்டிக் கொடுத்தால் சும்மா விடுவார்களா?

மாவுவிடம் கொடுத்திருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அப்பா

*

மார்ச் 13

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதத்தை ஆபீஸில் வைத்துப் படித்துச் சிரித்தேன். பக்கத்து மேஜைக்காரி என்னவென்று கேட்டாள். "எங்கப்பா பல் தேடறார்" என்றேன்.

கதையை அழகாகச் சொல்லிவிட்டீர்கள். ஆனால் நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை. அந்த அப்பா செய்திருப்பானா, மாட்டானா? அதுதானே கேட்டேன்.

நான் இவ்வளவு குடைவதற்குக் காரணம் இருக்கிறது. எழுதியவள் புனைபெயரில் ஒளிந்துகொண்டிருக்கிறாள். இரண்டாம் பதிப்பு வரப்போகிறது. சொந்தப் பெயரைப் போடலாம் என்று பதிப்பகத்தில் சொல்கிறார்கள். போட்டால் ஒரே ஒருவர் மனம் நொந்துபோவார் என்று பயப்படுகிறாள். மே கடைசிக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம். அதனால் லேபில் யார் என்ன சொன்னாலும் விடாமல் எழுதுங்கள். திட்டியிருந்தாலும் சரி.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மகள்

*

ஏப்ரல் 2

அன்பு மகளுக்கு,

புத்தகம் மூன்று கை மாறித் திரும்பி வந்திருக்கிறது. அட்டையில் மாவுவின் ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்திருக்கின்றன. போலீஸுக்கு வேலையே இல்லை.

மாவு நான்கு நாளில் முடித்துவிட்டான். வந்ததும் தீர்ப்புச் சொன்னான்: "அந்த ஆளுதாண்ணே. சந்தேகமே வேணாம். எப்பப் பாத்தாலும் சிரிச்சுக்கிட்டே இருக்கறவன நம்பக் கூடாது."

"நானும்தான்டா சிரிச்சுக்கிட்டே இருக்கேன்."

"உங்கள மட்டும் நம்பறேன்னு எப்பச் சொன்னேன்?"

அடுத்தது பல்லுக்கு நிறம் பார்க்கும் அக்கா. அவர் எந்தப் புத்தகத்துக்கும் கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பவர். இதில் அங்கே ஒன்றும் இல்லாததால் ஏமாந்துபோய், வேறு வழியின்றி முதலிலிருந்து படித்திருக்கிறார். அந்தக் கோபம் அவருக்கு இன்னும் தீரவில்லை. "எனக்கு அந்த ஆளப் பாத்துப் பயமே வரல. அந்தப் பொண்ணப் பாத்துத்தான் வருது. அவன் பாவம் சோறாக்கிப் போடறான், தல பின்னி விடறான், ஸ்கூலுக்கு அனுப்பறான். இவ என்னடான்னா அவன் நகத்துல ரத்தம் இருக்கான்னு பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. எங்க வீட்ல இருக்கற ரெண்டும் என்னைப் பத்தி என்ன நெனைச்சுக்கிட்டு இருக்குதுங்களோ" என்றார். அன்று சாயங்காலமே பிள்ளைகளை உட்காரவைத்து விசாரித்தாராம். "நீ சமைக்கறதப் பாத்துத்தாம்மா பயம்" என்றானாம் சின்னவன்.

முதலாளியம்மா மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். நேற்று டீ நேரத்தில் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டு, "அவன் ஒண்ணும் செய்யல. அந்தம்மா தானாத்தான் போயிருக்கா" என்றார்.

"அப்ப அந்தப் பொண்ணு ஏன் அப்படி நெனைக்குது?" என்று மாவு சண்டைக்கு வந்தான்.

"விட்டுட்டுப் போயிட்டான்னு நெனைக்கறத விட, கொன்னுட்டாங்கன்னு நெனைக்கறது அந்தக் கொழந்தைக்கு லேசா இருந்திருக்கு. கொன்னிருந்தா அம்மா மேல தப்பில்லையே."

நான் எழுந்துபோய்ப் பாலிஷ் போடும் மோட்டாரைப் போட்டேன்.

மாவுதான் பேச்சை மாற்றினான். ஒரு குமாஸ்தா வீட்டுக்குப் பல் அச்சு எப்படி வரும், யார் கொடுப்பார்கள் என்று ஆரம்பித்தான். அக்கா, டாக்டர் கொடுத்திருப்பார் என்றார். டாக்டர் எதற்கு வீட்டுக்குக் கொடுக்கிறார் என்றான் இவன். கால் மணி நேரம் கொலையை விட்டுவிட்டு அச்சுக்காக அடித்துக்கொண்டார்கள். கடைசியில் அவன் சொன்னான்: "எழுதினவ ஏதோ ஒரு லேபுல வளந்தவ. அச்சுக்கு அடியில ஆணியால தேதி கீறியிருந்துச்சுன்னு எழுதியிருக்கா பாருங்க. அது வெளியாளுக்குத் தெரியாது."

முதலாளியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் டம்ளரைக் கழுவப் போய்விட்டேன். கழுவிய டம்ளர்தான், இன்னொரு தடவை கழுவினேன்.

என் கருத்தைக் கேட்டிருந்தாய். எழுத்து மிகவும் சின்னதாக இருக்கிறது. அடுத்த பதிப்பில் கொஞ்சம் பெரிதாகப் போட்டால் என்னைப் போன்றவர்களுக்குச் சௌகரியம்.

உன் அப்பா

*

ஏப்ரல் 11

அப்பா,

எழுத்து சின்னதா? போனில் செய்வதைக் கடிதத்திலும் செய்துவிட்டீர்கள்.

சரி, நானே சொல்லிவிடுகிறேன். எழுதியவள் நான்தான். உங்களுக்கு அது தெரியும். தெரியும் என்பது எனக்கும் தெரியும். நொந்துபோவார் என்று நான் பயந்தது உங்களை நினைத்துத்தான்.

அம்மா தானாகத்தான் போனாள் என்று எனக்குப் பதினாறு வயதில் அத்தை சொன்னாள். அதற்கு முந்திய ஆறு வருஷம் நான் உங்களைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. நீங்கள் எனக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. ஆனால் அம்மா பேச்சை எடுத்தால் வேடிக்கை பேசினீர்கள். உள்ளே ஏதோ இருக்கிறது, அதை மூடத்தான் சிரிக்கிறார் என்று நினைத்தேன். அந்தப் பயத்தை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது. கதையாக எழுதினேன்.

அத்தை எல்லாம் சொன்னாள். அந்த அச்சைப் பற்றி மட்டும் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஏன் வைத்திருந்தீர்கள்? ஏன் ஒளித்து வைத்தீர்கள்? நிறைய பேர் இந்தப் புத்தகத்தைப் படித்து என்னென்னவோ சொல்லிவிட்டார்கள். எனக்கு ஒரே ஒருவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

பெயரைப் போடட்டுமா, வேண்டாமா என்பதையும் எழுதுங்கள். வேண்டாம் என்றால் போடமாட்டேன். வருத்தப்படவும் மாட்டேன்.

உங்கள் மகள்

*

ஏப்ரல் 27

அன்பு மகளுக்கு,

ஐந்து தாள் கிழித்தாயிற்று. ஆறாவதில் என்ன வருகிறதோ அதை அப்படியே அனுப்புகிறேன்.

பெயரைப் போடு. பெரிய எழுத்தில் போடு. மாவுக்கு எப்படியும் தெரிந்துவிட்டது, இனி ஊருக்குச் சொல்லத் தனியாகச் செலவு செய்ய வேண்டாம்.

எழுதியது நீ என்று நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்தான் எனக்கும் தெரிந்தது. அந்தத் தேதியைக் கீறியது நான். கல்யாணமான இரண்டாம் வருஷம் உன் அம்மா படியில் தடுக்கி விழுந்து முன்பல் ஒன்று உடைந்துபோனது. புதுப் பல் நான்தான் செய்தேன். நிறத்துக்காக நாலு தடவை செய்து நாலையும் தூக்கிப் போட்டு, ஐந்தாவதைக் கொடுத்தேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு, "எது என் பல்லு, எது உங்க பல்லுன்னு எனக்கே தெரியல" என்றாள். என் தொழிலில் யாரும் அப்படி என்னிடம் சொன்னதில்லை. மறுபடி எப்போதாவது வேண்டியிருக்கும் என்று அச்சைப் பத்திரப்படுத்தினேன்.

அவள் போனபோது துணிமணி எல்லாம் எடுத்துக்கொண்டு போனாள். ஏன் போனாள் என்று என்னைக் கேட்காதே. அவளுக்கு என்னிடம் பேசிப் பயனில்லை என்று தோன்றியிருக்கும். எதைப் பேசினாலும் நான் வேடிக்கையாக்கிவிடுவேனே. ஆனால் அந்த மாதிரிப் பல் பத்து வருஷம்தான் தாங்கும். உடைந்தால் என்னிடம்தான் வர வேண்டும் என்று ஒரு நினைப்பு எனக்கு. சிரிக்காதே. மனைவி போன பிறகு அவள் பல்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆளை யார் பார்த்தாலும் சிரிப்பார்கள். நீ பார்த்துவிடக் கூடாது என்றுதான் கைக்குட்டையில் சுற்றினேன். அது கொலைகாரன் வேலையாகத் தெரியும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

உடைந்தது. நீ ஏழாவது படிக்கும்போது ஒரு டாக்டரிடமிருந்து ஆர்டர் சீட்டு வந்தது. அவள் பெயர். பழைய அச்சை வைத்துச் செய்து முடித்தேன். வாங்கிப்போக அவளே வந்தாள். முதலாளியம்மா அன்று வெளியே போயிருந்தார். பல்லைக் கொடுத்தேன். மூன்று நாள் முன்பல்லால் எதையும் கடிக்காதே என்று சொன்னேன். அவள் போகவில்லை.

"என்னைப் பத்திக் கேப்பாளா?" என்றாள்.

"முன்னாடி கேப்பா. இப்பக் கேக்கறதில்ல" என்றேன்.

பொய் சொல்லவில்லை அம்மாடி. நீ நிஜமாகவே கேட்பதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. உனக்கு மனசு ஆறிவிட்டது, பிள்ளையை நான் நன்றாகத் தேற்றிவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமைகூட. பயத்தில்தான் வாயை மூடினாய் என்பதைப் பதினெட்டு வருஷம் கழித்து உன் புத்தகம் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அது அன்றைக்கே தெரிந்திருந்தால் அவளுக்கு வேறு பதில் சொல்லியிருப்பேன். என் பதிலைக் கேட்டுத் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அந்த டாக்டர் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். அதில் அவள் அன்றைக்கு இருந்த முகவரி இருக்கிறது. பழையதுதான், ஆனால் விசாரிக்க ஒரு நுனி வேண்டுமே. போவதும் போகாததும் உன் விருப்பம். போனால் என் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

நான் செய்திருப்பேனா என்று கேட்டாய். கொலை செய்யவில்லை. மற்றதை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

என்றும் உன் அப்பா

பி.கு. ஒன்று விட்டுப்போய்விட்டது. அவள் வந்தது மூன்றே முக்காலுக்கு. அந்த வருஷமெல்லாம் நாலு மணிக்கு ஸ்கூல் விட்டு நீ நேராக லேபுக்குத்தான் வருவாய். பையை என் மேஜைக்கு அடியில் எறிவாய். அவள் வாசற்படியில் நின்று திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "கொஞ்சம் உக்காரு, இப்ப வந்துடுவா" என்பது தொண்டை வரைக்கும் வந்தது. அதை மட்டும் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.